ஆறு வாரமாகியும் குழந்தைக்கு மஞ்சள் காமாலை போகவில்லை. காலை வெயிலில் காட்டினால் போதுமா?

போதாது. நாளைக் காலையிலேயே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். மஞ்சளுக்குக் காரணமான நிறமிக்குப் பெயர் பிலிருபின். அதன் மொத்த அளவு மட்டும் சொன்னால் விட்டுவிடாதீர்கள், ‘டைரக்ட் எவ்வளவு?’ என்று தனியாகக் கேளுங்கள். மீதியை அதற்கப்புறம் படித்தால்கூடப் போதும்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிறது, எடை நன்றாக ஏறுகிறது, கண்ணில் மட்டும் மஞ்சள் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகளும் அப்படியே கொழுகொழுவென்றுதான் இருந்தாள். அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ‘தாய்ப்பால் மஞ்சள், தானா போயிடும்’ என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். நானும் தினமும் ஏழு மணிக்கு அவளை மடியில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். ஊரிலிருந்து வந்த பெரியம்மாதான் துணி அலசப் போன இடத்தில் பார்த்துவிட்டு, “என்னடி இது, குழந்தை இட்லி மாவு மாதிரி போயிருக்கு?” என்றார். பக்கத்திலேயே சிறுநீர் பட்ட துணி. அதில் மஞ்சள் கறை. பச்சைக் குழந்தையின் சிறுநீர் துணியில் நிறம் விடக்கூடாது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மலத்துக்கு நிறம் தருவதே பித்தம்தான். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் வரும் குழாய் அழற்சியால் அடைபட்டுப் போனால் மலம் வெளுக்கும், பித்தம் உள்ளேயே தேங்கிக் கல்லீரலை அரிக்கும். இதற்குப் பெயர் பிலியரி அட்ரீசியா. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வந்தால் ஆஸ்பத்திரியில் வைக்கும் நீல விளக்கு எல்லாம் கல்லீரல் இன்னும் பக்குவப்படுத்தாத பிலிருபினைக் கரைக்கத்தான். கல்லீரல் தன் வேலையை முடித்தும் வெளியேற வழியில்லாமல் நிற்கிறதே, அந்த டைரக்ட் பிலிருபினை வெயில் ஒன்றும் செய்யாது. கீழாநெல்லியும் செய்யாது.

அரிய நோய்தான். ஐரோப்பாவில் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. தைவானில் இதைவிட அதிகம், அதனால் நோயைச் சீக்கிரமே கண்டறிய அவர்கள் எளிதான ஒரு வழி பிடித்தார்கள். பிறக்கும் குழந்தைகளின் சுகாதாரக் கையேட்டிலேயே மலத்தின் நிறங்களை அச்சடித்த அட்டையை வைத்து, 2004-இல் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். அம்மா ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். நோய் வந்த குழந்தைகளில் 60 நாளுக்குள் ஆபரேஷன் நடந்தவர்கள் அந்த வருடம் 60 சதவீதம், அடுத்த வருடம் 74. அமெரிக்காவின் டெக்சாஸில் இன்னொரு வழி பார்த்தார்கள். பிறந்து 60 மணி நேரத்துக்குள் டைரக்ட் பிலிருபின், கூடுதலாக இருந்தால் இரண்டு வாரத்தில் மறுபடியும். 2020-இல் வெளியான அந்த ஆய்வில் 1,24,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை எடுத்துக்கொண்டதில் நோய் இருந்த ஏழு பேரும் சிக்கினார்கள். நம் ஊரில் அந்த அட்டையும் பரவலாக இல்லை, அந்தச் சோதனையும் வழக்கமில்லை. பெரியம்மாக்கள்தான் இருக்கிறார்கள்.

ஆபரேஷனின் பெயர் கசாய். எங்கள் வீட்டுப் பாட்டி கடைசிவரை “கஷாயம் குடுத்தா சரியாகாதா?” என்றே கேட்டுக்கொண்டிருந்தார். ஜப்பானில் சென்டாய் நகரத்து டோஹோக்கு பல்கலைக்கழகத்தின் மோரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர் 1959-இல் எழுதிய முறை இது. அதுவரை இந்தக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களை ‘சரிசெய்ய முடியாதவர்கள்’ என்று சொல்லிவிடுவார்கள். கெட்டுப்போன குழாயை எடுத்துவிட்டு, சிறுகுடலின் ஒரு துண்டை மேலே இழுத்துக் கல்லீரலின் அடிப்பக்கத்தில் தைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களிலிருந்து பித்தம் அதில் கசிய வேண்டும். நாள் தள்ளத்தள்ள அந்தக் கசிவுக்கு வாய்ப்பு குறையும். என் மகளுக்கு 58-ஆம் நாள் செய்தார்கள். அதற்கு முன்னால் பாலில்லாமல் நாலு மணி நேரம் வைத்திருந்து எடுத்த ஸ்கேன்தான் எனக்கு ஆபரேஷனைவிடக் கொடுமையாக இருந்தது.

எட்டாவது நாள் துணியில் பச்சை. அதைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு முழுக்கக் காட்டினேன்.

இதற்கிடையில் ‘மாசமா இருக்கும்போது என்ன சாப்பிட்டே?’ என்று ஆளாளுக்கு விசாரணை. நானே அந்தக் கேள்வியோடு இரவெல்லாம் தேடினேன். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1964, 1988, 2007 ஆகிய வறட்சி ஆண்டுகளில் ஆட்டுக்குட்டிகள் இதே அடைப்போடு பிறந்திருக்கின்றன. அணையில் தண்ணீர் வற்றிய நிலத்தில் முளைத்த ஒரு செடியைச் சினை ஆடுகள் மேய்ந்திருந்தன. அந்தச் செடியிலிருந்து பிரித்த நச்சுக்கு பிலியாட்ரெசோன் என்று பெயர் வைத்து 2015-இல் வெளியிட்டார்கள். படித்ததும் வயிறு கலங்கியது. பிறகுதான் டாக்டர் விளக்கினார்: அந்தச் செடியை மனிதர்கள் சாப்பிடுவதில்லை, மனிதக் குழந்தைகளுக்கு ஏன் வருகிறது என்பது இன்னும் பிடிபடவில்லை, அம்மா சாப்பிட்டது எதையும் காரணமாகக் காட்ட முடியாது. அந்த வாக்கியத்தை வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லச் சொன்னேன். சொன்னார்.

‘ஆபரேஷனுக்கப்புறம் ஸ்டீராய்டு கொடுத்தால் பித்தம் நன்றாக ஓடும்’ என்று யாராவது சொன்னால் டாக்டரிடம் பேசுங்கள். அமெரிக்காவில் 140 குழந்தைகளிடம் செய்து 2014-இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

கசாய் செய்தால் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். காய்ச்சல் வந்தால் பித்தக்குழாய்த் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே ஓட வேண்டும். பலருக்குப் பின்னாளில் கல்லீரல் மாற்று தேவைப்படுகிறது. இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று, 1998-இல் தில்லியில், இதே நோய் வந்த காஞ்சிபுரத்துக் குழந்தைக்குத்தான். அப்பா தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து இப்போது டாக்டர். என் மகளுக்கு ஆறு வயது, சொந்தக் கல்லீரல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மண்ணீரல் கொஞ்சம் பெரிது.

அப்புறம் ஒன்று, நாளைக்குப் போகும்போது அழுக்கான டயப்பரையே ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். குழல் விளக்கில் எடுத்த போட்டோவில் வெளுத்ததுகூட மஞ்சளாகத்தான் தெரியும்.