ஒட்டகத்தின் மூக்கும் மணற்புயலும்: கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஏழு வயது. கதைகளைவிட விலங்குகள், கோள்கள் என்று தகவல் புத்தகங்கள்தான் அவளுக்குப் பிடிக்கும். ஒட்டகத்தைப் பற்றிப் படித்தால் திமில், இமை, பாதம் எல்லாவற்றையும் ஒப்பிப்பாள். ‘மூக்கை ஏன் மூடிக்கொள்கிறது?’ என்று கேட்டால் மட்டும் முழிக்கிறாள். விடை அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. ‘படித்ததை உன் வாழ்க்கையோடு தொடர்புபடுத்து’ என்று சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். அதையும் செய்து பார்த்தேன், பலனில்லை. பயிற்சிப் புத்தகம் ஏதாவது வாங்க வேண்டுமா?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளின் ஞாபகசக்தியில் குறையே இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் கூழாங்கல் மாதிரி தனித்தனியாகப் பொறுக்கி வைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். கதையில் இந்தச் சிக்கல் குறைவு. நரிக்குப் பசி என்றால் அடுத்து அது எங்காவது கிளம்பித்தான் ஆகவேண்டும், குழந்தையும் கூடவே போய்விடும். தகவல் புத்தகத்தில் அப்படிக் கையைப் பிடித்து இழுத்துப்போக ஆளில்லை. மணற்புயல் முதல் பத்தியில் வீசும். மூக்குத் துளையை மூடிக்கொள்ளும் செய்தி நாலு பத்தி தள்ளி, ஒரு படத்துக்குக் கீழே கிடக்கும். நாம் யோசிக்காமலே இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறோம். நடுவில் இடைவெளி இருப்பதே நம் கண்ணில் படுவதில்லை.

வாழ்க்கையோடு தொடர்புபடுத்துவது தப்பில்லை. ‘என் மூக்கிலும் தூசி போயிருக்கிறது’ என்று சொன்னால் அந்த அனுபவம் உதவும். ‘நான் ஒட்டகம் பார்த்திருக்கிறேனே’ என்று ஆரம்பித்தால் பேச்சு எங்கோ போய்விடும், புத்தகம் மூடிக்கொள்ளும். நீங்கள் தேடுவது புத்தகத்துக்கு உள்ளேயே இருக்கும் தொடர்பு. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

என் பேரனிடம் நானும் முதலில் சொதப்பினேன். அம்புக்குறியெல்லாம் போட்டுப் பெரிய வரைபடம் வரைந்து கொடுத்தேன். அவன் அம்புகளுக்கு வண்ணம் தீட்டிவிட்டு எழுந்து போனான். அப்புறம் துண்டுச் சீட்டுக்கு வந்தேன். ஒரு சீட்டில் ‘மணற்புயல் வீசும்’, இன்னொன்றில் ‘ஒட்டகம் மூக்கை மூடிக்கொள்ளும்’, மூன்றாவதில் வெறும் ‘அதனால்’. நடுவில் ‘அதனால்’ வைத்துப் படித்தோம். சரி, இப்போது முன்னும் பின்னும் மாற்றி வை என்றேன். ‘ஒட்டகம் மூக்கை மூடிக்கொள்ளும், அதனால் மணற்புயல் வீசும்’ என்று படித்தான். இரண்டு விநாடி அமைதி. பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்கு முழுக்க வீட்டில் எல்லாவற்றையும் தலைகீழாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தான். காரணத்துக்கு ஒரு திசை உண்டு என்பதை நான் விளக்கவே இல்லை.

எல்லாத் தொடர்பும் ‘அதனால்’ அல்ல. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று வந்தால் அங்கே ‘அப்புறம்’ சீட்டுதான் பொருந்தும். வௌவாலுக்கும் பறவைக்கும் இறக்கை உண்டு, ஆனால் வௌவால் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்றால் ‘ஆனால்’. இந்த மூன்று சீட்டும் கையில் இருந்தால் ரொம்ப நாள் ஓட்டலாம்.

தமிழில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. தொடர்பு பல சமயம் தனிச்சொல்லாக நிற்காமல் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘மழை பெய்தால்’, ‘மழை பெய்ததால்’, ‘மழை பெய்தும்’. முதல் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ‘த’தான் வித்தியாசம். ஒன்றில் மழை இன்னும் வரவில்லை, மற்றதில் வந்து ஓய்ந்துவிட்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை ‘பெய்’ வரைக்கும் வந்ததும் மீதியை ஊகித்துக்கொண்டு ஓடிவிடும். அங்கேதான் ‘ஏன்’ தொலைகிறது. ‘மழை பெய்தும்...’ என்று பாதியில் நிறுத்திவிட்டு, விதை என்ன ஆனது என்று மகளையே முடிக்கச் சொல்லுங்கள். ‘விதை முளைத்தது’ என்றால் அந்த ‘உம்’மை அவள் கவனிக்கவில்லை என்று அர்த்தம். அதேபோல ‘அது’, ‘இவை’ வரும் இடத்தில் விரலை வைத்து ‘எது?’ என்று கேட்டுப் பாருங்கள். சில பதில்கள் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

பயிற்சிப் புத்தகம் வேண்டாம். இருக்கிற ஒட்டகப் புத்தகமே போதும், ஒரு நாளைக்கு அரைப் பக்கம். திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு என்று அதில் எங்காவது எழுதியிருக்கும். பாலைவனத்தில் தீனி கிடைப்பது அரிது என்பது வேறொரு பக்கத்தில் இருக்கலாம். முதல் வாக்கியத்தை நீங்கள் படித்துக் காட்டுங்கள், இரண்டாவதை அவளே தேடட்டும்.