கப்பல் பட்டியலில் 'கோவெண்டர்' ஏன் அகப்படவில்லை?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த உங்கள் பூட்டன் முனுசாமி கோவெண்டர், கப்பலில் வந்த கூலிகளைப் பதிந்த கப்பல் பட்டியலில் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். அதில் குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டமே கிடையாது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், அங்க அடையாளம் போன்றவைதான் இருக்கும். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும் முதலியார் 'மூட்லி' ஆனதும் பிற்பாடு நிலைத்தவை.

ஆகவே 'முனுசாமி' என்று மட்டும் தேடுங்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதினார்; 'மு'வுக்கு ஒரு யூவும் இருக்கலாம், இரண்டு ஓவும் இருக்கலாம். நடு எழுத்து விழுந்து 'மூன்சாமி' என்றும் வரும். தகப்பன் பெயர் 'க'வில் தொடங்கினால் கே, சி, ஜி மூன்றையும் பாருங்கள்.

எழுத்தைவிட உறுதியானது, ஒவ்வொரு கூலிக்கும் தனித்தனியாகக் கொடுத்த காலனி எண். பிள்ளைகளின் பிறப்பு, திருமணப் பதிவுகளில் அதைத் தேடுங்கள். முனுசாமிகள் ஏராளம், தகப்பன் பெயரும் கிராமமும் ஒத்துப்போகாதவரை தயவுசெய்து யாரையும் வம்சாவளியில் சேர்க்காதீர்கள்.