காலிஃப்ளவர் பீட்சா: சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். பிள்ளைகளுக்காக வீட்டில் பீட்சா செய்யும்போது, மைதாவுக்குப் பதிலாகக் காலிஃப்ளவரைத் துருவி, ஜவ்வரிசி மாவு கலந்து பேஸ் செய்தால் நானும் சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடலாம், ஜவ்வரிசி மாவை மட்டும் விட்டுவிடுங்கள். 100 கிராம் மைதாவில் ஏறத்தாழ 75 கிராம் மாவுச்சத்து உள்ளது. அதே அளவு காலிஃப்ளவரில் 5 கிராம்தான். சேலத்துச் சமையலறையில் ஜவ்வரிசிக்கு என்றுமே பஞ்சமில்லை என்பதால் கை அதை நாடுவது இயல்பே. ஆனால், மரவள்ளிக்கிழங்கிலிருந்து எடுக்கப்படும் அந்த மாவில் நார்ச்சத்தும் புரதமும் அநேகமாக இல்லை; 100 கிராமில் சுமார் 88 கிராம் மாவுச்சத்தே. அரைக் கிலோ காலிஃப்ளவருடன் அதை 100 கிராம் சேர்த்துப் பிசைந்தால், நீங்கள் தவிர்க்க நினைத்த, 100 கிராம் மைதாவில் செய்த பேஸை விடவும் கூடுதலான மாவுச்சத்து தட்டில் வந்து சேரும்.

பிடிமானத்துக்கு ஒரு முட்டையும் மூன்று மேசைக்கரண்டி கடலை மாவும் போதும். முட்டை சாப்பிடாதவர்கள் உதிர்த்த பனீர் சேர்க்கலாம். பேஸ் உடைந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம் மாவு போதாமை அல்ல, காலிஃப்ளவரில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீராக இருப்பதுதான். ஆகவே பூக்களை மஞ்சளும் உப்பும் கலந்த வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்து, துருவி, ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறியதும் பழைய வேட்டித் துணியில் கட்டி, இனிச் சொட்டு விழாது என்னும் அளவுக்கு முறுக்கிப் பிழியுங்கள். பிறகு மெல்லியதாகத் தட்டி, ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் ஓரம் சிவக்கும்வரை சுட்ட பின்பே மேலே காய்களைப் பரப்ப வேண்டும். ஓவன் இல்லாத வீட்டில் தோசைக்கல்லே போதும். சிறுதீயில் மூடிவைத்து இரு புறமும் சுடலாம்.

சீஸில் கொழுப்பும் உப்பும் மிகுதி என்பதால் ஒருவருக்கு 30 கிராமுக்கு மேல் வேண்டாம். பாட்டில் சாஸில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்தே வருகின்றன. தக்காளியையும் பூண்டையும் வதக்கி மசித்து, ஏற்காட்டு மிளகைப் புதிதாக இடித்துத் தூவினால் அதன் குறை தெரியாது.

என்ன மாத்திரை என்பதை நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் கவலை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றவையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் இரவு உணவில் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால், தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடக்கூடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு தோன்றினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். மாத்திரையின் அளவை நீங்களாகக் குறைக்காமல், இந்த மாற்றத்தை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதன்முறையாக இதைப் பகல் உணவாகவே சாப்பிட்டு, உண்ணத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். அளவு 180-ஐத் தாண்டினால் அடுத்த முறை ஒரு துண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.