டாக்ஸோபிளாஸ்மா கேள்வி பதில்: பூனையை விடுங்கள், ரிப்போர்ட்டைப் பாருங்கள்

கே: 11 வாரக் கர்ப்பம். டார்ச் டெஸ்டில் (கர்ப்பிணிகளுக்குச் செய்யும் தொற்றுப் பரிசோதனை) டாக்ஸோ ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் பாசிடிவ். கலைத்துவிடச் சொல்கிறார்கள்.

ப: அவசரமே வேண்டாம். டாக்ஸோ என்பது பூனை மலம், வேகாத கறி, அசுத்தத் தண்ணீர் வழியாகத் தொற்றும் ஒட்டுண்ணிக் கிருமி. கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால்தான் கருவைப் பற்றிக் கவலை. ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள். ஐஜிஎம் தொற்று வந்த பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். பொய்யாகவும் பாசிடிவ் காட்டும். ஐஜிஜி அவிடிட்டி டெஸ்ட் (ஐஜிஜி கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்று பார்ப்பது) எழுதித் தரச் சொல்லுங்கள். 11-ஆம் வாரத்தில் 'ஹை' என்று வந்தால் தொற்று கரு தரிக்கும் முன்பே வந்து போனது, கவலையை விடலாம். 'லோ' வந்ததை மட்டும் வைத்துப் புதுத் தொற்று என்று முடிவு கட்ட முடியாது. மூன்று வாரம் கழித்து இன்னொரு சாம்பிள் எடுத்து, பழையதையும் சேர்த்து ஒரே லேபில் ஓட்டி ஐஜிஜி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வலுத்தால் ஸ்பைராமைசின் மாத்திரை 1 கிராம், தினம் மூன்று வேளை. 18 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்). அது பாசிடிவ் ஆனால்தான் பைரிமெத்தமின், சல்ஃபாடயசின், கூடவே ஃபோலினிக் ஆசிட். ஃபோலிக் ஆசிட் மாத்திரை அதற்கு ஈடாகாது, மருந்துக் கடையில் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கே: ஐஜிஜி மட்டும் பாசிடிவ். இரண்டு முறை கரு கலைந்திருக்கிறது. மருந்து உண்டா?

ப: அது பழைய தொற்று. மருந்து வேண்டாம். அடுத்தடுத்துக் கரு கலைவதற்கு வேறு காரணம் தேடுங்கள்.

கே: கர்ப்பமாக இருக்கிறேன். பூனையை எங்காவது விட்டுவிடவா?

ப: வேண்டாம். முதல்முறை தொற்றும்போது ஒன்றிலிருந்து மூன்று வாரம்தான் மலத்தில் கிருமியை வெளியேற்றும். அந்தக் கிருமியும் வெளியே வந்து 1 முதல் 5 நாள் கழித்தே தொற்றும். பூனை மலம் கழிக்கும் மணல் தட்டை வீட்டில் வேறொருவர் தினமும் அள்ளட்டும். பூனைக்குப் பச்சைக் கறி போடாதீர்கள்.

கே: பூனை மடியில் படுக்கிறதே?

ப: பதில் மேலே இருக்கிறது: கிருமி வெளியேறுவது மலத்தில்தான்.

கே: பூனைக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். மூலமே அதுதானே?

ப: பூனை இனம்தான் மூலம், மறுக்கவில்லை. ஆனால் 2004-இல் கோவையில் கண் டாக்ஸோ (விழித்திரையில் புண் உண்டாக்கும் டாக்ஸோ) பரவியபோது ஆய்வுக் கட்டுரையில் பதிவான 248 பேரும் வீட்டில் பூனை வளர்த்தவர்களா? சந்தேகம் விழுந்தது ஒரே நீர்த்தேக்கத்துத் தண்ணீர் மீது. 1995-இல் கனடாவின் விக்டோரியா நகரிலும் குழாய்த் தண்ணீர்தான்.

கே: தண்ணீரில் குளோரின் போடுகிறார்களே! காட்டுப்பூனை கலக்கியது என்றால் மறுபடி பூனைதானே?

ப: இந்தக் கிருமியின் ஓசிஸ்ட்டை (பூனை மலத்தில் வரும், தடித்த ஓடுள்ள முட்டை போன்ற வடிவம்) குளோரின் கொல்லாது. கொதிக்க வைத்தால் சாகும். பூனை வழக்கு இத்தோடு தள்ளுபடி.

கே: மட்டன் சாப்பிடலாமா?

ப: நடுத்துண்டு வரை 67 டிகிரி சூடேறினால் போதும், குழம்பில் கொதித்த கறிக்குப் பயமில்லை. கோலா உருண்டைக்கு அரைத்த பச்சைக் கறியை உப்புப் பார்க்க நாக்கில் வைப்பதுதான் ஆபத்து. கறி வெட்டிய பலகையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் அதிலேயே பச்சடிக்கு வெங்காயம் நறுக்குவதும் அப்படித்தான்.

கே: ஒரு கண்ணில் கரும்புள்ளிகள் மிதக்கின்றன, பார்வை மங்கல்.

ப: கண் டாக்ஸோவாகவும் இருக்கலாம், இங்கே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். இன்றே விழித்திரை மருத்துவரிடம் போங்கள். யாராவது ஸ்டெராய்டு மட்டும் கொடுத்தால் விழுங்காதீர்கள். கிருமிக்கு மருந்து இல்லாமல் அது தனியாகப் போனால் புண் பரவும்.

கே: எச்ஐவி உண்டு, சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) 80.

ப: டாக்ஸோ ஐஜிஜி பாசிடிவ் என்றால், சிடி4 100-க்குக் கீழே போனால் பழைய தொற்று மூளையில் கிளம்பும் அபாயம் அதிகம். அதைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை தினமும் போட வேண்டுமா என்று ஏஆர்டி மையத்தில் (எச்ஐவி சிகிச்சை மையம்) கேட்டு உறுதி செய்யுங்கள். தலைவலியோடு கை கால் இழுத்தால் உடனே ஸ்கேன்.