தங்க ஊசியில் இருப்பது எந்தத் தங்கம்?

கேள்வி: என் அத்தைக்கு முடக்குவாதம். முப்பது வருஷத்துக்கு முன்பு வாராவாரம் 'தங்க ஊசி' போட்டார்களாம். குணம் தெரியவே நாலு மாதம் ஆனதாம். தங்கம் மூட்டுக்குள் போய் என்ன செய்யும்?
– வாசகி, திருச்சி

பதில்: நகைத் தங்கமாக இருந்தால் ஒன்றும் செய்யாது. ஊசியில் இருந்தது ஓர் எலெக்ட்ரானை இழந்து கந்தகத்தோடு பிணைந்த தங்கம். சோடியம் ஆரோதயோமாலேட் என்ற உப்பு. எடையில் கிட்டத்தட்டப் பாதி தங்கம். இந்தத் தங்கத்துக்குக் கந்தகம் என்றால் விடாப்பிடி, செலினியம் என்றால் அதைவிட விடாப்பிடி. இரண்டும் நம் நொதிகளில் இருக்கின்றன.

மூட்டுச் சவ்வில் வீக்கத்தை வளர்க்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் இந்தத் தங்கத்தை விழுங்கி, தங்கள் லைசோசோம் பைகளில் சேர்த்துவைக்கும். அந்தச் செல்லில் தயோரெடாக்சின் ரிடக்டேஸ் என்றொரு நொதி உண்டு. அதன் வேலைமுனையில் ஒரு செலினியம் அணு. தங்கம் அதைக் கவ்விக்கொண்டால் நொதி முடங்கும். குருத்தெலும்பை அரிக்கும் கதெப்சின் நொதிகள் சிலவற்றின் வேலைமுனையில் கந்தகம். அங்கேயும் இதே கதை. டிஎன்எஃப் போன்ற அழற்சிப் புரதங்களைத் தயாரிக்கக் கட்டளையிடும் என்எஃப்-கப்பாபி பாதையையும் தங்கம் தடுக்கிறது. திசுக்களில் தங்கம் மெல்லத்தான் சேரும். அதனால்தான் மூன்று முதல் ஆறு மாதக் காத்திருப்பு.

அந்தக் காலத்தில் முதலில் 10 மி.கி. போட்டுப் பார்ப்பார்கள். ஒத்துக்கொண்டால் படிப்படியாக ஏற்றி, வாரம் 50 மி.கி., பிட்டத் தசையில். மொத்தம் 1 கிராம் சேர்ந்தும் பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுவது வழக்கம். மருந்து வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும், கறுத்திருந்தால் குப்பைக்கு. போட்டதும் பத்து நிமிஷம் படுக்கவைப்பார்கள், சிலருக்கு முகம் சிவந்து தலைசுற்றும் என்பதால். எனலாப்ரில் வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது அதிகம்.

பெரிய தொல்லை சிறுநீரகத்தில்தான். வடிகட்டிச் சவ்வு கெட்டுப் புரதம் ஒழுகும். ஆகவே ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் சிறுநீர், ரத்தப் பரிசோதனை. தோல் அரிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த ஊசி கிடையாது.

1929-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜாக் ஃபொரெஸ்டியே இந்தச் சிகிச்சையை எழுதியபோது, முடக்குவாதத்துக்கும், அப்போது தங்கம் கொடுத்துவந்த காசநோய்க்கும் தொடர்பு என்ற எண்ணத்தில்தான் தொடங்கினார். எண்ணம் தப்பு, மருந்து வேலை செய்தது! இன்று அந்த இடத்தில் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து இருக்கிறது, நியாயமாகவே.

கேள்வி: தங்கம் மாத்திரையாகவும் உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்டு, ஆரனோஃபின். தினம் 6 மி.கி. அதிலுள்ள தங்கத்தில் கால் பங்குதான் ரத்தத்தில் ஏறும். மீதி குடல் வழியே போகும். அதனால் சிறுநீரகத் தொல்லை ஊசியைவிடக் குறைவு, பேதி அதிகம். பலனும் ஊசியளவு இல்லை.

கேள்வி: அப்படியானால் தங்க பஸ்பம் சாப்பிட்டால் போதாதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: போதாது. பஸ்பத்தில் பெரும்பகுதி உலோகத் தங்கத்தின் நுண்துகள். மேலே சொன்ன உப்பு அல்ல. உப்பின் பலனைத் துகளின் கணக்கில் எழுதிவிட்டு மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிடாதீர்கள். அரிக்கப்பட்ட மூட்டு திரும்ப வளராது.