இணையவழிச் சதுரங்கத்தில் திடீரென நன்றாக விளையாடுபவர் ஏமாற்றுகிறாரா?

ஆட்டம் நடக்கும்போதே கணினி நிரலிடமோ இன்னொருவரிடமோ நகர்வைக் கேட்டு ஆடுவதே இணையவழிச் சதுரங்கத்தில் ஏமாற்றுதல் ஆகும். 1997 இல் உலகச் சாம்பியன் கஸ்பரோவை வெல்வதற்கு டீப் புளூ என்ற பெருங்கணினி தேவைப்பட்டது. இன்று கைப்பேசி நிரலே உலகச் சாம்பியனை மிஞ்சுவதால் சந்தேகம் எழுவது இயல்பே. ஆயினும் ஒருவரின் ஆட்டம் நாளுக்கு நாள் மாறுபடும். தூக்கம், களைப்பு, பழகிய தொடக்கம், இணைய வேகம் ஆகிய எல்லாம் அதில் கலந்துள்ளன. மூன்று நிமிட ஆட்டத்தில், மாரிகால மட்டக்களப்பில் இணைப்புச் சில விநாடிகள் அறுந்தாலே வெல்லும் நிலை தோல்வியாகிவிடலாம். வீரரின் வலிமையைக் காட்டும் தரப்புள்ளியில் எதிராளியைவிட 200 குறைந்தவர்கூட நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 24 புள்ளிகள் (வெற்றிக்கு ஒன்று, சமநிலைக்கு அரை) பெறுவார் என்பதே தரப்புள்ளியைக் கணிக்கும் எலோ முறையின் கணக்கு.

கல்லடிப் பாலத்தருகே வாவியில் வீச்சுவலை எறிபவருக்கு ஒருநாள் வலை நிறைய மீன் பட்டால் எவரும் வியப்பதில்லை. மாதம் முழுவதும் ஒவ்வொரு வீச்சிலும் ஒரே எடை மீன் பட்டால்தான் கேட்கத் தோன்றும். அவ்வாறே, எளிய நகர்வுக்கும் கடினமான நகர்வுக்கும் ஒரே நேரம் எடுத்து, பல ஆட்டங்களில் நிரலின் முதல் தெரிவையே தொடர்ந்து ஆடுவதுதான் ஆராயத்தக்கது.

நகர்வுகள் நிரலின் சிறந்த நகர்வுகளுக்கு எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் துல்லிய வீதம் 95 ஐத் தாண்டினாலே ஏமாற்று என்று பலர் எண்ணுவது தவறு. எதிராளி விரைவில் பிழைவிட்ட குறுகிய ஆட்டத்தில் தொடக்கநிலை வீரருக்கும் அந்த எண் கிடைக்கும்.