செவ்வாய்க்கிழமை போக்கர், ஞாயிற்றுக்கிழமை சபை: கேள்வி பதில்

பப்பில் போக்கர் (காசு கட்டி ஆடும் சீட்டாட்டம்) போட்டி விளையாடுகிறவன், சபைக்கும் தவறாமல் போகிறவன், கேட்க இருந்தால் கேளுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். இவ்வளவு பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த (புரட்டஸ்தாந்து) வீட்டில் வளர்ந்தவன், மனைவி கத்தோலிக்கர், இருப்பது லண்டன், 11 வருடமாக விளையாடுகிறேன். போதகர் இல்லை, அதையும் மனதில் வைத்து வாசியுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் பப் போட்டிக்குப் போவது தெரிந்து அம்மா அழுகிறா. கசினோ என்று நினைக்கிறா. என்ன சொல்வது?

பதில்: கணக்கைச் சொல்லுங்கள் தம்பி. இங்கிலாந்தில் பப்பில் ஒரு ஆட்டத்துக்கு ஒருவர் 5 பவுணுக்கு மேல் கட்டக் கூடாது, அது சட்டம். பப் முழுவதும் சேர்த்து ஒரு நாளைக்கு 100 பவுண்தான் எல்லை, பங்குபற்றும் கட்டணம் என்று பப்காரர் ஒரு பென்னிகூட எடுக்க முடியாது. எங்கள் பப்பில் 20 பேர், ஆளுக்கு 5, முதல் மூன்று பேருக்கு 50, 30, 20. மூன்று மணி நேரம் போகும். இரண்டு கோக் வாங்கினால் போக்கரைவிட அதுதான் செலவு. கசினோ போட்டி வேறு கதை, அங்கே நுழைவுப் பணத்தில் கசினோவுக்கும் பங்கு போகும்.

கேள்வி: அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டுத்தானே யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுத்தார்கள்? பிறகென்ன?

பதில்: இது நம் தமிழ் செய்கிற வேலை. வேதாகமத்தில் போடுவதும் சீட்டு, கையில் பிடிக்கிற காட்ஸும் சீட்டு, மாதாமாதம் மாமிமார் பிடிப்பதும் சீட்டு. மத்தியாவுக்காகப் போட்டதில் யாரும் பணம் வைக்கவில்லை, தோற்றவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவும் இல்லை. கடவுளிடம் கேட்டார்கள், அவ்வளவுதான். போக்கருக்குக் கிட்ட வருவது சிலுவையடியில் இருந்த சேவகர்கள்தான், ஒரு மனுஷன் மேலே தொங்கிக்கொண்டிருக்க அவனுடைய உடுப்புக்குச் சீட்டுப் போட்டவர்கள். ஆகவே அந்த வாதத்தை நான் எடுப்பதில்லை, நீங்களும் எடுக்காதீர்கள்.

கேள்வி: சரி, சபைகள் என்னதான் சொல்கின்றன? பாவமா இல்லையா, நேராகச் சொல்லுங்கள்.

பதில்: எந்தச் சபை என்பதைப் பொறுத்தது. நான் வளர்ந்த மெதடிஸ்த மரபு சூதுக்குக் கடும் எதிரி. அதைத் தொடங்கிய ஜான் வெஸ்லி பணத்தைப் பற்றிச் செய்த பிரசங்கத்தில், அயலானைக் கெடுத்துச் சம்பாதிக்கும் வழிகளோடு சூதாட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறார். என் அப்பா வீட்டில் 304 என்ற சீட்டாட்டத்தைக் காசு வைக்காமல்கூட விளையாட விடமாட்டார். கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 2413ஆம் எண்ணில் வேறு மாதிரிப் போகிறது: பந்தயமும் அதிர்ஷ்ட விளையாட்டும் தம்மளவில் நீதிக்கு விரோதம் இல்லை, ஆனால் ஒருவருக்கோ அவரை நம்பியிருப்பவர்களுக்கோ தேவையானதைப் பறித்தால் ஏற்க முடியாது, ஏமாற்றினால் பாரமான குற்றம்.

இதில் "ஒருவருக்கோ" என்பது எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது. அந்த ஒருவர் நான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், என் வாடகைக் காசு பத்திரமாக இருக்கிறது, ஆகவே பிழையில்லை என்று. பிறகு ஒரு வீட்டில் 20 பவுண் ஆட்டம், தோற்றால் திரும்பக் கட்டி உள்ளே வரலாம், ரீபை என்பார்கள். நம் ஊர்ப் பொடியன் ஒருவன் ஐந்து தரம் கட்டினான். கடைசித் தரம் என் கையில் இரண்டு ஏஸ், தொடக்கத்தில் கிடைக்கக்கூடிய மிக நல்ல சீட்டு. வென்றேன், சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அது அவனுடைய அறை வாடகை என்று இரண்டு வாரம் கழித்து யாரோ சொன்னார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டான், இப்போது கண்டாலும் கதைப்பதில்லை. ரீபை இருக்கும் ஆட்டத்துக்கு அதற்குப் பிறகு நான் போனதில்லை. ஒரே தரம் கட்டி, தோற்றால் எழும்பிப் போகிற போட்டி மட்டும்தான். அதில் யாரும் 5 பவுணுக்கு மேல் இழக்க வழியில்லை, நானும் ஒருவரிடம் அதற்கு மேல் எடுக்க வழியில்லை.

கேள்வி: பிளஃப் பண்ணுவது, அதாவது கையில் நல்ல சீட்டு இருப்பதுபோல நடிப்பது, பொய் இல்லையா?

பதில்: கால்பந்தில் இடப்பக்கம் போவதுபோலக் காட்டி வலப்பக்கம் போனால் பொய்யா? மேசையில் இருக்கிற எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி அது, பணயம் வைக்கும் சிப்ஸ் காய்களால் ஏமாற்றலாம். ஆனால் "என்னிடம் ஒன்றும் இல்லை அண்ணே, நம்புங்கள்" என்று வாயால் சொல்வதற்கு எனக்கு நாக்கு வராது. விதிப்படி அதுவும் சரிதான், நான்தான் சொல்வதில்லை. இதனால் வாயாடாத ஆள் என்று பெயர் எடுத்திருக்கிறேன், வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

கேள்வி: வெல்லும்படி ஜெபிக்கலாமா?

பதில்: இரண்டு ஏஸ் இரண்டு கிங்கை எதிர்த்தால் ஐந்தில் நாலு தரம் வெல்லும். மற்றத் தரம் தோற்றால் பிசாசு காரணமில்லை, வென்றால் ஜெபமும் காரணமில்லை.

கேள்வி: ஆன்லைனில் 3000 பவுண் போய்விட்டது. மனைவிக்குத் தெரியாது. பப்பில் 5 பவுண் ஆட்டத்துக்கு மாறினால் மெல்ல மெல்லக் குறையும் என்று நினைக்கிறேன்.

பதில்: குறையாது. உங்களை எங்கள் மேசைக்கு நான் கூப்பிடமாட்டேன், கோபிக்காதீர்கள். இன்றைக்கே கேம்ஸ்டாப் (GAMSTOP) என்ற தடைப் பதிவில் பதியுங்கள், இலவசம், பிரிட்டனில் உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் சூதாட்டத் தளங்களும் குறைந்தது ஆறு மாதம் உங்களுக்குப் பூட்டப்படும், ஐந்து வருடம் என்ற தெரிவும் இருக்கிறது, அதையே எடுங்கள். அநேகமான வங்கிச் செயலிகளில் சூதாட்டக் கொடுப்பனவை நிறுத்தும் பட்டன் இருக்கும், அதையும் போடுங்கள். பிறகு மனைவியிடம் சொல்லுங்கள், பாஸ்டரிடம் சொல்வதற்கு முதல். 3000 என்பதை அவ வங்கிக் கடிதத்தில் கண்டுபிடித்தால், காசு போனது இரண்டாவது பிரச்சினையாகிவிடும். தனியே எழுதினால் நான் பதில் போடுவேன்.

கேள்வி: சூதில் வெல்வதே தூண்டில் இரும்பை மீன் விழுங்குவது மாதிரி என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறாரே?

பதில்: உண்மை. மேலே அந்தப் பொடியனைப் பற்றி எழுதினேனே, அதற்கு முதல் மாதம் நான் தொடர்ந்து மூன்று தரம் வென்றிருந்தேன். அதனால்தான் அந்த வீட்டுக்கே போனேன்.

கேள்வி: வென்ற காசில் சபைக்குத் தசமபாகம், பத்தில் ஒன்று?

பதில்: கொடுப்பதில்லை. எங்கள் பாஸ்டருக்கு எது எங்கிருந்து வந்தது என்று தெரியும், அவரைச் சங்கடப்படுத்துவானேன்.

கேள்வி: உங்கள் மனைவி, அக்கா ஒன்றும் சொல்வதில்லையா?

பதில்: ஆரம்பத்தில் சொன்னா. இப்போது செவ்வாய் இரவு ஒன்பதரைக்கு "தோத்தாச்சா? பால் வாங்கிட்டு வாங்கோ" என்று மெசேஜ் வரும். அநேகமாகத் தோற்றுத்தான் இருப்பேன்.